நாற்காலிக்கு ஒரு கட்டம்

அவரை எல்லோரும் வெளிச்சக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிற்சாலைகளில் கேமரா பொருத்துவது அவர் வேலை. கேமராவை மாட்டுவது பெரிய விஷயமில்லை. அதற்கு வெளிச்சம் அமைப்பதில்தான் பொழுது போகும். பளபளக்கும் பித்தளைத் தகட்டின் மேல் விளக்கை நேராக அடித்தால் கேமராவுக்குக் கண் கூசிப்போகும். கீறலும் தெரியாது, ஓட்டையும் தெரியாது. அதனால் ஜன்னலை மூடிவிட்டு, ஏணியில் உட்கார்ந்து, விளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பார். பசி வந்தால் கோபம் வரும். கோபம் வந்தால் ஏணியோடு பேசுவார்.

அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் ஒரு கேமரா வாங்கும் காசுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம். அன்று அது பொருளை மட்டும்தான் பார்த்தது. மூடி கோணலாக இருந்தால் பக்கத்தில் இருக்கும் சின்ன இயந்திரக் கை தட்டிவிடும், அவ்வளவுதான். பிறகு கேமரா மலிந்தது. லேசர் மலிந்தது. சொன்ன இடத்தில் மயிரிழை பிசகாமல் நிற்கும் மோட்டாரும் மலிந்தது. சாமானில் லாபம் குறைந்ததும் விற்பவர்கள் அறிக்கையை விற்க ஆரம்பித்தார்கள். மாதச் சந்தா கட்டினால் போதும், யார் எவ்வளவு வேலை செய்தார் என்பது பச்சையும் சிவப்புமாகத் திரையில் வரும். பொருளைப் பார்த்துக்கொண்டிருந்த கண் ஆளைப் பார்க்கத் திரும்பியது இப்படித்தான். திருப்பியது விஞ்ஞானம் அல்ல, சந்தா.

சுவிட்ச் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையிலும் அப்படி ஒரு கேமரா கேட்டார்கள். அவருடைய அண்ணி வேலை செய்யும் இடம் அது. நீளமான மேசை, வரிசையாகப் பெண்கள். இடுக்கியால் ஸ்பிரிங்கை எடுத்து சுவிட்ச் பெட்டியின் குழிக்குள் வைத்து, மேலே தகட்டைப் போட்டு, மூடியை ஸ்க்ரூவால் முடுக்க வேண்டும். ஒவ்வொரு நாற்காலிக்கும் எதிரே திரையில் ஒரு கட்டம் வரையச் சொன்னார் மேலாளர். வெளிச்சக்காரர் வரைந்தார். எந்தக் கட்டத்தில் எத்தனை மூடி முடுக்கப்பட்டது என்று கேமரா எண்ணத் தொடங்கியது.

முதல் அறிக்கை வந்த அன்று மாலை அண்ணி சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார்.

"என்ன கொழுந்தனாரே, உங்க கேமராவுக்கு என்மேல அப்படி என்ன பாசம்? நான்தான் முதலாம்."

"நீங்களா?"

"ஏன், நம்ப முடியலையா? உங்க அண்ணனும் இப்படித்தான் முழிச்சாரு."

"சரி, கடைசி யாரு?"

கரண்டிச் சத்தம் நின்றது. "மின்னல். மாசக் கடைசியோட வேலை இல்லன்னு எல்லார் முன்னாடியும் மேனேஜர் சார் சொல்லிட்டாரு."

மின்னல் என்பது அண்ணிக்குப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் பெண்ணின் பட்டப்பெயர். பெயருக்கேற்ற கை. ஏணியின் மேலிருந்து வெளிச்சக்காரர் அந்தக் கையைப் பார்த்திருந்தார். ஸ்பிரிங்கையும் தகட்டையும் வைத்துவிட்டு, பெட்டியை அப்படியே அண்ணி பக்கம் தள்ளிவிடுவாள். அண்ணி முடுக்குவார். அதுதான் அங்கே வேலைமுறை என்று நினைத்துக்கொண்டார். யாரிடமும் கேட்கவில்லை.

"ஸ்பிரிங்கை நீங்க ஏன் வைக்கிறதில்ல அண்ணி?"

அண்ணி வலது கையை நீட்டினார். இரண்டு விரல்கள் பாதி மடங்கியபடியே நின்றன. "இடுக்கி நிக்க மாட்டேங்குது. ஸ்க்ரூ மெஷினுக்கு உள்ளங்கை போதும். 'நீங்க முடுக்குங்கக்கா, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்'னு அவதான் சொன்னா. ரொம்ப நாளா இப்படித்தான் ஓடுது."

"சார்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா அவ தப்பிப்பா. நான்?"



மறுநாள் வெளிச்சக்காரர் மேலாளரைப் பார்த்தார். "அந்த அறிக்கையை நம்பி யாரையும் அனுப்பாதீங்க சார்."

"ஏன், கேமரா பொய் சொல்லுமா?"

"பொய் சொல்லல சார். மூடியை எண்ணச் சொன்னோம், எண்ணுது. வேலையை எண்ணச் சொல்லல."

"என்ன, தத்துவமா? அந்தப் பொண்ணு சிவப்பு. சிவப்புன்னா சிவப்பு."

மேலாளர் கெட்டவர் அல்ல. கிளி சீட்டெடுத்துச் சொன்னால் சிரிக்கிறவர்தான். திரை நிறம் மாறினால் மட்டும் கையெடுத்துக் கும்பிடுகிறார். எந்த மூடநம்பிக்கைக்கும் நல்ல மின்சார இணைப்பு ஒன்று கிடைத்துவிட்டால் அதற்கு நவீனம் என்று பெயர் வந்துவிடுகிறது.

அறிக்கை தவறு என்று காட்டச் சுலபமான சோதனை ஒன்று இருந்தது. இருவரையும் தள்ளித் தள்ளி உட்காரவைத்தால் போதும். மின்னலின் வேகம் தெரிந்துவிடும். அண்ணியின் விரலும் தெரிந்துவிடும். வெளிச்சக்காரர் அதைச் சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, அந்தச் சோதனையையும் தாம் அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டதையும் அண்ணியிடம் சொன்னார்.

"ஒரு பொண்ணு வயித்துல அடிச்சுட்டு எனக்கு முதல் மார்க் எதுக்கு?" என்றார் அண்ணி.

காலையில் அண்ணி தன் பையைத் தூக்கிக்கொண்டு மேசையின் கோடி நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். மின்னல் ஓடிவந்தாள்.

"அக்கா, பைத்தியமா உங்களுக்கு? எந்திரிங்க."

"போடி, போய் உன் வேலையப் பாரு."

ஸ்பிரிங் துள்ளித் துள்ளி விழுந்தது. குனிந்து எடுப்பார், வைப்பார், மறுபடி துள்ளும். சுற்றியிருந்தவர்கள் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே மின்னலின் கட்டம் பச்சையாகிக்கொண்டே வந்தது. இங்கே அண்ணியின் கட்டம் சிவந்துகொண்டே போனது.

ஆனால் மேலாளர் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. இரண்டு கட்டங்களையும் கூட்டினால் பழைய எண்ணிக்கை வரவில்லை. இடுக்கியை வைத்துவிட்டு ஸ்க்ரூ மெஷினை எடுப்பது, அதை வைத்துவிட்டு இதை எடுப்பது என்று மின்னலுக்கும் கை தடுமாறியது. ஒருத்தி வைத்து, ஒருத்தி முடுக்கியபோது வந்ததுதான் அதிகம். மேலாளர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளிச்சக்காரரை வரச் சொன்னார்.

"இந்தக் கோடுகளை அழிச்சிட முடியுமா? மேசைக்கு ஒரே கட்டமா?"

"முடியும் சார்."

இரக்கத்தால் அல்ல, கணக்கால்தான் அந்த முடிவு வந்தது. இரக்கத்தால் வந்திருந்தால் அடுத்த மேலாளர் மாற்றியிருப்பார். கணக்கை மாற்ற அவர் கொஞ்சம் யோசிப்பார் என்று வெளிச்சக்காரர் நினைத்துக்கொண்டார். மடிக்கணினியைத் திறந்து ஒவ்வொரு கோடாக அழித்தார்.

அண்ணி பழைய நாற்காலிக்குத் திரும்பினார். மின்னல் மட்டும் உட்காரவில்லை.

"சார், வேலை இல்லன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க."

"அதான் சரியாயிடுச்சே, போய் உட்காரும்மா."

"இருக்குன்னும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

மேசை முழுவதும் கைகள் நின்றன. மேலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு வேலை உண்டு என்று சட்டைப் பொத்தானுக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"கேக்கல சார்" என்றார் அண்ணி, கையில் ஸ்க்ரூ மெஷினோடு.