குதியில் பூசிய மஞ்சள்

கண்டிப் பட்டணத்தில் சைக்கிளேறி வேலைக்குப் போன முதல் தமிழர் என் அப்பாதான். அதற்கு ஆதாரம் என்ன என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வந்துவிடும். நான் கண்ணால் பார்த்தேன், போதாதா? பார்த்தது மட்டுமா, அவருக்கு முன்னால் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடி வழி விலக்கியவளே நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

இப்போது தெருவில் ஓடுகிற சைக்கிளை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்வது மலையில் தேயிலை வருவதற்கு முந்திய காப்பிக் காலத்துச் சங்கதி. முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரே ஒரு சக்கரம், அதன் உச்சியில் ஓர் ஆசனம், பின்னால் பேருக்கு ஒரு குட்டிச் சக்கரம். மிதிகட்டை பெரிய சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும். ஏறியவர் நிற்க நினைத்தால் இறங்கித்தான் ஆகவேண்டும். இறங்க நேரமில்லை என்றால் விழவேண்டும். அப்பா அதை மரியாதையாக 'வண்டி' என்றார். அம்மா 'அந்தச் சனியன்' என்றாள்.

அப்பா ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு காப்பி ஸ்டோரில் கிளாக்கர். தோட்டங்களிலிருந்து மாட்டு வண்டிகளில் வரும் காப்பி மூட்டைகளை நிறுத்து, எழுதி, கொழும்பு ரயிலில் ஏற்றுகிற இடம் அது. அங்கே வந்துபோகும் ஒரு தோட்டத்துத் துரை, தம் தாயாரைப் பார்க்கச் சீமைக்குப் போவதாகச் சொல்லி, இந்த வண்டியையும் காலில் போடும் ஒரு ஜோடி சப்பாத்தையும் அப்பாவுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிவிட்டார். தாயாரைப் பார்க்கப் போகிறவர் பங்களாவில் இருந்த கதிரை அலுமாரியை எல்லாம் எதற்கு ஏலம் போட்டார் என்று நான் யோசிக்கவில்லை. அந்த வருஷம் நிறையத் துரைமாருக்குத் தாயார் ஞாபகம் வந்திருந்தது.

தீபாவளி கழிந்த வாரம் வண்டி வீட்டுக்கு வந்தது. அடேயப்பா, மலபார் தெருவே எங்கள் வாசலில் நின்றது! புது வாகனத்தைச் சும்மா எடுக்கக்கூடாது என்று அம்மாதான் சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்ததும் அவள்தான். அப்பா கோட்டுப் போட்டு, தலைப்பாகை கட்டி, வேட்டியைத் தாறு பாய்ச்சிக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு மதிலில் ஏறி, மதிலிலிருந்து ஆசனத்துக்குத் தாவினார். பிள்ளையாரை நினைத்துக்கொண்டு மிதித்தார். மாட்டு வண்டியாக இருந்தால் பழம் சட்டென்று நசுங்கியிருக்கும். இதில் பாதிப் பழம் நசுங்கியது, மீதிப் பாதியில் சக்கரம் வழுக்கியது. அப்பா எதிர்வீட்டுச் சாக்கடைக் கானுக்குள் போய் விழுந்தார். தலைப்பாகை மட்டும் எங்கள் வாசலிலேயே இருந்தது.

தப்பு எலுமிச்சம்பழத்தின் பேரில்தான் என்று அப்பா எவ்வளவோ வாதாடினார். அம்மா கேட்டால்தானே! சகுனம் சரியில்லை, வண்டியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கடைசியில் அவள் ஒரு கெடு வைத்தாள்.

"தை பொறக்கறதுக்குள்ள ஒரே ஒரு நாளாச்சும் இங்க இருந்து ஸ்டோர் வாசல் வரைக்கும் விழாம, கால் ஊனாம போய்க் காட்டுங்க. அப்ப நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லாட்டி பொங்கலன்னைக்கி அது இந்த வீட்ல இருக்கக்கூடாது."

"போறேனா இல்லையான்னு பாரு," என்றார் அப்பா, சாணியைக் கழுவிக்கொண்டே.

"போனீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அதற்கும் அம்மாவே வழி கண்டுபிடித்தாள். தினமும் காலையில் அப்பாவின் சப்பாத்துக்கு அடியில், மிதிகட்டை படாத குதிப் பக்கமாக, அரைத்த மஞ்சளைப் பூசிவிடுவாள். கால் ஒரு தடவை தரையில் பட்டாலும் மஞ்சள் போய்விடும். ஸ்டோர் வாசலில் காவல்காரர் இரண்டு குதியையும் பார்த்த பிறகுதான் அப்பா இறங்கலாம். அந்தக் காவல்காரர் எங்கள் தெருக்காரர், எமன் கேட்டாலும் உண்மையைச் சொல்கிற மனுஷர். மாலையில் அவர் எங்கள் வாசலுக்கு வந்து அம்மாவிடம் தீர்ப்புச் சொல்வார்.

"தங்கச்சி, இன்னைக்கி ரெண்டு குதியிலயும் சேறுதான். மஞ்சளையே காணோம்."

முதல் மாதம் முழுக்க அதே தீர்ப்புதான். பின்னே, அந்த நெரிசலில் யாரால் போகமுடியும்? குண்டசாலைப் பக்கத்துத் தோட்டங்களில் காப்பி ஏற்றிய வண்டிகள் ஆற்றைத் தாண்டி எங்கள் தெரு வழியாகத்தான் பட்டணத்துக்குள் நுழையும். ஒன்றன் பின் ஒன்றாக முப்பது, நாற்பது வரும். இடையில் புத்தர் கோவிலான தலதா மாளிகைக்குப் பூத்தட்டோடு போகிறவர்கள், குளிக்கப் போகும் யானை, துரைமாரின் குதிரை வண்டி, இந்தியாவிலிருந்து வந்து தலையில் மூட்டையோடு மலையேறப் போகிறவர்கள், எதற்கும் அசையாத நாய்கள். ஒன்றரை மைல் தூரத்தை நடந்தால் அரை மணியில் போய்விடலாம். வண்டியில் அப்பாவுக்கு ஒன்றரை மணி ஆயிற்று. இறங்கி, தள்ளி, ஏற ஒரு மதிலைத் தேடிக் கண்டுபிடித்து, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி! ஸ்டோருக்கு நேரத்துக்குப் போகவேண்டும் என்பதற்காக விடியற்காலையிலேயே கிளம்பினார். ஆனாலும் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே. இருபது வருஷமாக அந்த வண்டிகளின் புழுதியைத் தின்றுகொண்டே நடந்து போன மனிதர், இப்போது அவற்றின் கூண்டுக்கு மேலே தலை தெரியப் போனார்.

எனக்கு வழிவிலக்கும் வேலை கிடைத்தது. ஒரு தகரத்தைக் கரண்டியால் தட்டிக்கொண்டு, "வழி! வழி!" என்று கத்தியபடி குளக்கரை வரைக்கும் ஓடுவேன். அதற்கு மேல் போக எனக்கு அனுமதியில்லை. பொம்பளைப் பிள்ளை தெருவில் ஓடுவதாவது என்று இரண்டு வீட்டில் பேசினார்கள். பேசட்டுமே! வண்டி போய்விட்டால் என் ஓட்டமும் போய்விடும், மறுபடி அம்மாவோடு அடுப்படியில் உட்கார வேண்டியதுதான். ஆகவே அப்பா ஜெயிக்கவேண்டும் என்று அவரைவிட நான்தான் தவித்தேன்.

ஒருநாள் அப்பா தடுமாறி, முன்னால் போன காப்பி வண்டிக்குள்ளேயே போய் விழுந்தார். நல்லவேளை, மூட்டைகளின் மேல். வண்டியோட்டி அலவத்துகொடக்காரர், முஸ்லிம் மனுஷர்; அண்ணன் முறையில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் நானா. அவர் திரும்பிப் பார்த்து, கொஞ்சமும் பதறாமல், "வாங்க கிளாக்கரய்யா, ஒங்களையும் நிறுத்துக் கொழும்புக்கு அனுப்பவா?" என்றார். தெரு முழுக்கச் சிரித்தது. அப்பாவும் மூட்டையின் மேல் உட்கார்ந்தபடியே சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நானா என்னைச் சமாதானப்படுத்த, மூட்டை இடுக்கில் கிடந்த ஒரு காப்பிச் செடிக் கொப்பை எடுத்துக் கொடுத்தார். இலைகளின் அடியில் செம்மஞ்சளாக ஒரு பொடி ஒட்டியிருந்தது. தொட்டால் விரலில் குங்குமம்போல வந்தது. எனக்கு ஒரே குஷி. வீட்டுக்குப் போய்ப் பொம்மையின் கன்னத்தில் பூசி, நெற்றியிலும் பொட்டு வைத்தேன். மாலையில் அப்பா அதைப் பார்த்துவிட்டு, பொம்மையைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் வைத்துக் கழுவினார். மஞ்சள் என்றாலே அப்பாவுக்கு ஆகாமல் போய்விட்டது, பாவம், என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழி பிறந்தது. மார்கழி என்றால் காப்பி வண்டி நெருக்கியடிக்கும் மாதம். வழக்கமாக அந்த மாதத்தில் தெருவைக் கடக்கவே அம்மா என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போவாள். அந்த வருஷம் என்ன ஆச்சரியம், தெரு இளகிக் கொடுக்க ஆரம்பித்தது! முப்பது வண்டி வந்த இடத்தில் இருபது வந்தது. பிறகு பத்து. அப்பா மூன்று தடவை விழுந்தவர் இரண்டு தடவை விழுந்தார். பிறகு ஒரே தடவை. காவல்காரர் மாலையில் வந்து, "தங்கச்சி, இன்னைக்கி ஒரு குதியில மஞ்சள் இருந்திச்சி," என்று சொன்ன அன்று நான் கூரைக்குக் குதித்தேன். எல்லாம் என் தகரத்தின் மகிமை! வண்டிக்காரர்களுக்கு என்னிடம் பயம் வந்துவிட்டது, நான் வருவதற்குள் ஓரமாகப் போய்விடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் அளந்தேன். அவர்களும் நம்பினார்கள்.

அப்பாதான் புரியாத மனிதராக இருந்தார். வழி திறக்கத் திறக்க அவர் முகம் சுருங்கியது. விழுந்த காலத்தில் சிரித்தவர், விழாத காலத்தில் வாயைத் திறப்பதில்லை. எனக்கு உள்ளூர எரிச்சல். ஜெயிக்கப் போகிற ஆள் இப்படியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது?

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கையில் நானா எங்கள் தெருவில் வந்தார். வண்டி இல்லை, நடந்து வந்தார். கையில் மாட்டுக் கழுத்து வெண்கல மணி ஒன்று இருந்தது.

"மகள், அந்தத் தகரத்தப் போட்டு ஏன் ஊர்ட காத அடைக்கிறீங்க? இந்தாங்க, இத அடிங்க."

"மாட்டுக்கு வேணாமா நானா?"

"மாடு இப்ப என்கிட்ட இல்ல மகள். நான் ஊரோட போறேன். ஒங்க வாப்பாவ விழுந்துறாமப் பாத்துக்கங்க."

எதிரி ஆயுதத்தைப் போட்டுவிட்டுப் போகிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. மணியை வாங்கி அவர் தெருமுனை தாண்டுகிறவரைக்கும் ஆட்டினேன். அவர் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார்.

போகிப் பண்டிகையும் வந்தது. அன்று திங்கட்கிழமை, கெடுவின் கடைசி நாள். அம்மா மஞ்சளை வழக்கத்தைவிடக் கெட்டியாக அரைத்திருந்தாள். குதியில் பூசும்போது, "இன்னைக்கித்தான் கடைசி, தெரியுமில்ல?" என்றாள். "தெரியும்," என்றார் அப்பா. அவள் குரலில் பழைய வீம்பு இல்லை. போய்விட்டு வாருங்கள் என்று அவளே மதில் பக்கம் வண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

நான் மணியை அடித்துக்கொண்டு ஓட்டமெடுத்தேன். பத்தடி ஓடியிருப்பேன், அப்பா என்னைத் தாண்டிவிட்டார்! தெருவில் ஒரு வண்டி இல்லை. ஒரே ஒரு வண்டிகூட இல்லை! நடுத்தெருவில் இரண்டு நாய்கள் படுத்திருந்தன, அப்பா அவற்றை வளைத்துக்கொண்டு போனார். ஐயோ, அந்த வேகத்தை நான் எப்படிச் சொல்வது? கோட்டு வால் பறக்கிறது, தலைப்பாகை நுனி பறக்கிறது, சக்கரத்துக் கம்பிகள் கண்ணுக்கே தெரியவில்லை. மூச்சிரைக்க நான் குளக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் தண்ணீரோரமாக வளைந்து, மாளிகையைத் தாண்டி, சின்னப் புள்ளியாகிக் கடைத்தெருப் பக்கம் மறைந்தார். ஒரு தடவைகூடக் கால் கீழே வரவில்லை. நான் அங்கேயே நின்று தொண்டை கிழியக் கத்தினேன். பூத்தட்டோடு போன ஒரு சிங்களத்து அம்மா என் கூத்தைப் பார்த்துச் சிரித்து, தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். "சாயங்காலம் காவல்காரர் வந்து சொல்லட்டும்," என்று சொல்லிவிட்டுப் பழைய பாயை உதறப் போனாள். சாயங்காலம் வரை எப்படிப் பொறுப்பது? மணியோடு மதிலில் ஏறி உட்கார்ந்தேன்.

காத்திருக்க வேண்டியே இருக்கவில்லை. அம்மா பாயை உதறி முடிப்பதற்குள் தெருமுனையில் சக்கரம் தெரிந்தது. அப்பாதான்! நேராக வந்து, மதிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஆசனத்திலேயே இருந்தார்.

"அம்மா! அப்பா வந்தாச்சு! போயும் வந்தாச்சு!"

அம்மா பாயைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். அப்பாவின் காலைப் பிடித்துத் தூக்கிக் குதியைப் பார்த்தாள். காலையில் அவள் விரல் இழுத்த கோடு அப்படியே இருந்தது. மறுபக்கம் போய் மற்றக் குதியையும் பார்த்தாள். அதிலும் மஞ்சள் அப்படியே காய்ந்திருந்தது. நான் மதில்மேல் நின்று ஆடினேன். நாலு வீட்டுக் கதவு திறந்தது.

"என்னங்க," அம்மா நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், "அங்கயும் எறங்கலையா?"

"எறங்கறதுக்கு அங்க ஒன்னும் இல்ல," என்றார் அப்பா.

ஸ்டோர் கேட்டில் பெரிய பூட்டுத் தொங்கியதும், குதியைப் பார்த்துச் சொல்லவேண்டிய காவல்காரர்கூட அங்கே இல்லாததும், அப்பா கேட்டின் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்காமலே திரும்பியதும் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியவந்தன. பொம்மைக்கு நான் பொட்டு வைத்த அந்தப் பொடிதான் மலைமலையாகக் காப்பியைத் தின்ற இலைநோய் என்பதும் அப்படித்தான். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். எங்கள் வண்டி எவ்வளவு வேகம் என்றால், அப்பா ஸ்டோருக்குப் போய், ஒரு நாள் வேலையையும் முடித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார்! அப்படித்தான் திறந்த கதவுகளுக்கெல்லாம் கேட்கும்படி நான் கத்திச் சொன்னேன்.

அம்மா சக்கரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பந்தயத்தில் தோற்றதற்கு ஒரு பெரிய மனுஷி இப்படியா அழுவது என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஜெயித்தவர்கள் பெரிய மனது பண்ணவேண்டும் அல்லவா? மதிலிலிருந்து குனிந்து அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

"அழாதம்மா. தோத்தா என்ன? அடுத்த தடவ நீ ஜெயிச்சிருவ."

அப்பா இன்னும் இறங்கவில்லை. நான் மணியை எடுத்து முன்னைவிடப் பலமாக ஆட்டினேன்.