ஆத்தா, சேச்சி

அதிகாலை ஐந்து பத்து. கம்பம் ஊரில் முதலில் கண்ணில் பட்டவை ஜீப்பின் பின்பக்கம் வரிசையாகத் தொங்கிய தூக்குவாளிகள். கேரள ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களைப் பற்றி ஞாயிறு இணைப்புக்குக் கட்டுரை. நானும், தேனி அலுவலகத்தில் என்னோடு ஒரே சமயத்தில் சேர்ந்த பெண் நிருபரும் போயிருந்தோம். நன்றாக எழுதுகிறவருக்கு முழுப் பக்கம், மற்றவருக்கு அதற்குள் ஒரு பெட்டிச் செய்தி என்று ஆசிரியர் சொல்லியிருந்தார்.

"பேப்பர்ல இருந்து வந்துருக்காக, பல்லக் காட்டாம உக்காருங்கடி" என்று ஒருத்தி அதட்ட, ஜீப்பே சிரித்தது. எனக்கு முன்சீட். கூலி, வேலை நேரம், ஜீப் வாடகை என்று கேட்டுக்கொண்டே வந்தேன். சக நிருபர் எதுவும் கேட்கவில்லை. பின்னால் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த முறுக்கைத் தின்றார். சோம்பல் என்று நினைத்தேன்.

எல்லைச் செக்போஸ்ட்டை நெருங்கும்போது பக்கத்தில் இருந்த மூத்த பெண் என்னிடம்தான் சொன்னார்: "கீழ என்னைய ஆத்தாம்பாக. இதைத் தாண்டிட்டா மலையாளத்துல சேச்சி. எங்க வீட்டுக்காரருக்கே சேச்சியத் தெரியாது."

நான் தலையாட்டிவிட்டு, ஓவர்டைம் உண்டா என்று கேட்டேன்.

அந்த வாரமே சக நிருபரின் கட்டுரையை ஆசிரியர் எனக்கு அனுப்பினார். முழுப் பக்கம் அதுதான், பிழை பார்த்துக் கொடுங்கள் என்றார். தொடக்கமே சேச்சி. என் காதருகே சொன்ன பேச்சை, பின்சீட்டில் முறுக்கு தின்றவர் கொண்டுபோயிருந்தார். பிழை தேடினேன். 'ஆத்தாம்பாக' என்பதை 'ஆத்தா என்பார்கள்' என்று மாற்றிப் பார்த்தேன். வரி செத்துக் கிடந்தது. பழையபடி வைத்தேன். தேவையில்லாமல் மிகுந்திருந்த ஒரு 'ப்' கிடைத்தது. அதை நீக்கியதில் கொஞ்சம் நிம்மதி.

சாயங்காலம் ஆசிரியர் போன் செய்தார். பக்கத்தின் அடியில் நகைக்கடை விளம்பரம் வந்துவிட்டதாம், இடம் போதாதாம். எதையாவது நீங்களே பார்த்து வெட்டுங்கள் என்றார். அந்தத் தொடக்கம் இல்லாமலும் கட்டுரை நிற்கும். கர்சரை அங்கே வைத்தேன்.

எதிர் மேஜையில் சக நிருபர் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தார். "ஆரம்பத்தை எடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் சேச்சி தொடக்கத்திலேயே இருந்தார். என் பெட்டிச் செய்தி வரவில்லை.