மணிக்கட்டில் ஒரு நிமிடம்

வாட்ச் ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டு ஜனங்கள் தங்கள் இதயத்தைக் கொண்டுவந்து நீட்டுகிற தொழில் என்னுடையது. தாம்பரத்தில் ஃபிட்னஸ் வாட்ச் சர்வீஸ் கவுன்டரில் ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் கையிலும் ஒன்று இருக்கும்; சோபாவில் சும்மா சாய்ந்திருந்தபோது இதயத் துடிப்பு 140 என்று காட்டி உங்களையும் பதற வைத்திருக்கும். கையேட்டில் இல்லாத பழக்கம் ஒன்று எனக்கு உண்டு. வந்தவரின் வாட்சைக் கழற்றிவிட்டு, இரண்டு விரலால் நாடியைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுவேன்.

சுரைக்காய்

கோவிலம்பாக்கத்திலிருந்து வந்த ஆசிரியை ஒருவர், வாட்சோடு ஒரு சுரைக்காயையும் பையிலிருந்து எடுத்து வைத்தார். வாட்ச் பொய் சொல்கிறது என்று காட்ட, என் எதிரிலேயே அதைக் காய்க்குக் கட்டினார். 82! வாட்சின் அடியில் எரியும் பச்சை விளக்கு ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது, ரத்தமே இல்லாத இடத்திலும் திரும்பி வரும் வெளிச்சத்தை வைத்து ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிவிடும் என்று விளக்கினேன். பட்டையை ஒரு துளை இறுக்கி அவர் கையில் கட்டியதும் என் விரல் எண்ணியதும் வாட்ச் காட்டியதும் ஒத்துப்போயின. அவரோ சுரைக்காயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் கூட்டு பண்ணலாம்னு இருந்தேன் மேடம். இனிமே இத நறுக்க எப்படிங்க மனசு வரும்?"

நாற்பத்தாறு

கோவளத்தில் படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். மகள் வாங்கிக் கொடுத்த வாட்ச் 46 காட்ட, வீடே கலங்கிவிட்டதாம். டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். அப்படியானால் கோளாறு வாட்சில்தானே? காய்த்துப்போன அந்தக் கையைப் பிடித்து எண்ணினேன். ஒரு துடிப்பு, நிதானமாக ஓர் இடைவெளி, மறுபடி ஒன்று. சரியாக நாற்பத்தாறு. காலமெல்லாம் வலை இழுத்து, மெதுவாகத் துடித்தே பழகிய இதயம் அது. எனக்குப் புல்லரித்துவிட்டது. "வாட்ச் கரெக்ட்டா கீதுண்ணா" என்று அவர் பாஷையிலேயே சொன்னேன்.

"என் நெஞ்சுக்கு இன்னாம்மா அவசரம்? நானே எதுக்கும் அவசரப்பட்றது இல்ல."

மூன்று வாட்ச்

சிட்லபாக்கத்திலிருந்து சார் ஒருவர் வந்தார்; ஓய்வு பெற்ற அதிகாரி, தினமும் ஏரியோரம் நடப்பவர். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவர் வாட்ச் 130, 70, 150 என்று குதித்தது. அன்று கவுன்டரில் கூட்டம். சென்சாரைத் துடைத்தேன், பட்டையை இறுக்கினேன், ரீசெட் செய்தேன். நாடி மட்டும் பிடிக்கவில்லை. இரண்டு நாளில் திரும்பி வந்தார். புது வாட்ச் கொடுத்தேன், அன்றும் நாடி பிடிக்கவில்லை. புது வாட்சும் குதிக்கிறது என்று மூன்றாவது முறை வந்தபோது என் கையில் இருந்ததையே கழற்றி அவருக்குக் கட்டினேன். அதுவும் குதித்தது. அப்போதுதான் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

விரலை வைத்தேன். எண்ணவே முடியவில்லை. இரண்டு துடிப்பு, ஒன்றுமில்லை, சட்டென்று நான்கு. மூன்று வாட்சும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. "சார், வாட்ச் நல்லா இருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சரி பண்ணத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லும்மா. எதுக்கு என்னப் பயமுறுத்தற?"

வெறும் கை

கெஞ்சிக் கூத்தாடி, நானே ஆட்டோவில் கூட்டிப் போனேன். இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது, இப்படியே விட்டிருந்தால் பக்கவாதம் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அன்றே சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாளே அந்த ஒரு நிமிடத்தை ஒதுக்கியிருக்கக் கூடாதா என்று மூன்று வாரம் என்னையே திட்டிக்கொண்டேன்.

பிறகு ஒரு காலை அவரே வந்தார். கையில் வாட்ச் இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, மணிக்கட்டைக் கவுன்டர்மேல் வைத்தார். பிடித்து எண்ணினேன். எழுபத்திரண்டு, ஒரே சீராக. எப்பேர்ப்பட்ட சமாச்சாரம் இது! கண் கலங்கிவிட்டது. கையை எடுக்கப் போனேன், அவர் விடவில்லை.

"இன்னொரு தடவ எண்ணும்மா. இந்த முறை சத்தமா எண்ணு, நானும் கேக்கணும்."

அந்தச் சுரைக்காய் விவகாரம் ஒன்றைத் தவிர, நான் சந்தேகப்பட்ட பல வாட்சுகள் என்னைவிட ஒழுங்காகத்தான் வேலை பார்த்திருக்கின்றன.