இரண்டாவது ரீல்

சவரிராயன் சாருக்குப் படம் காட்டும் பைத்தியம் பிடித்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில். ஸ்ரீரங்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அவர் எட்டாம் வகுப்பு வாத்தியார். நான் பக்கத்து வகுப்பு வாத்தியார். திருச்சியில் புரொஜெக்டரை இரவல் வாங்கி, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவருவார். ஜன்னலுக்கெல்லாம் ஜமுக்காளம் கட்டுவார்.

முதல் ரீல் முடிந்ததும் அடுத்ததை மாட்டமாட்டார். விளக்கைப் போட்டு, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார். நீதிபோதனை வகுப்பில் தூங்கி வழிந்த பிள்ளைகள் அடித்துக்கொண்டு பேசும். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

அன்றைய படத்தில் ஒரு கூட்டுறவுக் கடைக்காரர், வரிசையில் நிற்பவர்களை விட்டுவிட்டுத் தன் தம்பிக்குச் சர்க்கரை கொடுக்கிறார். மகன் பார்த்துவிடுகிறான். அவன் மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும் என்றாள் அவர் வகுப்பு அமிர்தம். சவரிராயன் கைதட்டினார். அதற்குள் மணி அடித்துவிட்டது. இரண்டாவது ரீல் பெட்டியிலேயே கிடந்தது.

அமிர்தத்தின் அப்பா பெரியண்ணனுக்கு முக்கொம்புப் பக்கம் வாய்க்கால் மதகைத் திறந்து மூடும் வேலை. அந்த வாரமே, தங்கச்சி வயல் காய்கிறதே என்று, அவளுக்கு முறை வராத நாளில் மதகைத் தூக்கிவிட்டிருக்கிறார். அதைப் பார்த்த மகள் நேரே அவருடைய மேலதிகாரி ஓவர்சியரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். பெரியண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீட்டில் அடுப்பு எரியவில்லை.

சவரிராயன் சோறு தண்ணி இல்லாமல் அலைந்தார். என்னையும் இழுத்துக்கொண்டு ஓவர்சியரிடம் போய், காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். ஓவர்சியர் இளகிய மனசுக்காரர். பெண் கற்பனையாகச் சொன்னாள் என்று வாத்தியாரே சொன்னால் பெரியண்ணனைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

ஓவர்சியர் கூப்பிட்டனுப்பியதால் அமிர்தமும் அங்கே வந்து அப்பா பக்கத்தில் நின்றாள். சவரிராயன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“படத்தைப் பார்த்துட்டுப் பொய் சொல்லிடுச்சுங்க.”

பாவி மனுஷன், வேறென்ன செய்வார்? நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பெரியண்ணனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அமிர்தத்துக்குப் பள்ளிக்கூடத்தில் புளுகுணி என்று பேராகிவிட்டது. அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

பேசாமல் விட்டிருக்கலாம். சவரிராயனுக்கு மனசு கேட்கவில்லை. புரொஜெக்டரை மறுபடி கொண்டுவந்து மிச்சப் படத்தையும் காட்டினார். அதில் மகன் உண்மையைச் சொல்கிறான். அதிகாரி அவன் முதுகில் தட்டிக்கொடுக்கிறார். விளக்கு எரிந்ததும் அவர் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. அமிர்தம்தான் எழுந்தாள்.

“அந்தப் பையன் சொன்னது நிஜம்னு அவனோட வாத்தியார் சொல்லியிருப்பாரா சார்?”

சவரிராயன் ரீலைப் பெட்டியில் வைத்து மூடினார். பிள்ளைகள் கலைந்துபோன பிறகும் ஜமுக்காளத்தை அவிழ்க்காமல் நின்றார். நான்தான் போய் அவிழ்த்தேன். ரிட்டயர் ஆகும்வரை அவர் எந்தப் பிள்ளையையும் பார்த்து, நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டதில்லை.