பத்திய மீன்

சூரத்திலிருந்து வரும் ரயில் எண்ணூரில் நிற்காது. ஊர் கண்ணெதிரே வந்து கண்ணெதிரே போய்விடும். சென்ட்ரலில் இறங்கி, மின்சார ரயில் பிடித்து, வந்த வழியே திரும்ப வேண்டும். மகிழினி எப்போது வந்தாலும் அப்படித்தான். இந்த முறை ஊரைத் தாண்டும்போதே அதன் வாடை பெட்டிக்குள் ஏறிவிட்டது. எதிரில் இருந்தவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இது என்ன ஊர் என்று இந்தியில் கேட்டார். எங்கள் ஊர் என்று சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

புயல் ஓய்ந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மழைத் தண்ணீர் ஆற்றில் பெருகி வந்தபோது எண்ணெயும் சேர்ந்து வந்துவிட்டது. எந்த ஆலையின் மதிலுக்குள்ளிருந்து வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். வந்தது வீடு வரைக்கும் வந்தது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. அவளுடைய அண்ணன் டில்லிபாபுவின் வீடு ஆற்றோரக் குப்பத்தில் கரையை ஒட்டி இருந்தது. சுவரில் இடுப்பளவுக்கு ஒரு கோடு. கோட்டுக்கு மேலே பச்சைச் சுண்ணாம்பு, கீழே தார் பூசினாற்போல் கறுப்பு. அண்ணி கெங்கம்மா சோப்புத்தூளும் தேங்காய் நாருமாக உட்கார்ந்து அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வா பாப்பா. செருப்ப கழட்டாத, உள்ள வழுக்குது" என்றாள். வரவேற்பு அவ்வளவுதான். எழுந்து வந்து கட்டிக்கொள்ள முடியாதபடி அவள் கை இரண்டும் முழங்கை வரை கறுப்பாக இருந்தன.

கெங்கம்மா மருமகளாக இந்த வீட்டுக்குள் வந்தபோது மகிழினி தலை வாரிக்கொள்ளத் தெரியாத சிறுமி. தாய் இறந்துபோன வீடு. வந்தவள் காசிமேட்டுக்காரி, கடல் மீன் தின்று வளர்ந்தவள். ஆற்று மீனில் சேறு மணக்கிறது என்று புதுப்பெண்ணாக முகம் சுளித்ததை டில்லிபாபு இன்றைக்கும் சொல்லிக் கிண்டலடிப்பான். அந்தச் சேற்று மீனைத்தான் பிறகு அவள் அன்னக்கூடையில் வைத்துத் தலையில் சுமந்து, எர்ணாவூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் படியேறி விற்றாள். மகிழினியின் படிப்பு, துணி ஆலை வேலைக்காக அவள் முதன்முதலில் சூரத்துக்கு ஏறிய ரயில், எல்லாமே அந்தப் படிகளில் ஏறி இறங்கி வந்தவை.

மற்ற மீன்காரிகள் கீழே நின்று கூவுவார்கள். கெங்கம்மா கூவமாட்டாள். நேரே கதவுக்குப் போவாள். எந்த வீட்டுக் கிழவருக்கு முள் ஆகாது, எந்த வீட்டில் புரட்டாசி விரதம் பிடிக்கிறார்கள், எந்த வீட்டில் கணவனுக்குத் தெரியாமல் மனைவி மட்டும் நண்டு தின்பாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஐஸில் கிடந்த மீனை ஐஸில் கிடந்தது என்றே சொல்லி விற்பாள். ஆறா கடலா என்று கேட்டால் இருப்பதைச் சொல்வாள். தராசுகூட அவளிடம் பேருக்குத்தான் இருந்தது. அவள் வாயில் வருகிற சொல்தான் அங்கே வியாபாரம்.

மகிழினிக்கு முதல் நாள் சோறு இறங்கவில்லை. தண்ணீர்க் குடம், தலையணை, சோறு எல்லாவற்றிலும் அந்த எண்ணெய் வாடை. வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள். அண்ணி அவள் முதுகைத் தடவிக்கொண்டே, ரெண்டு நாளில் பழகிவிடும் என்றாள். அப்படியே ஆயிற்று. சுவரைத் தேய்த்தார்கள், பாத்திரங்களைச் சாம்பலால் தேய்த்தார்கள், உதவாத பாய்களைத் தெருவில் குவித்தார்கள். மூன்றாம் நாள் மகிழினி மோர் ஊற்றிச் சாப்பிட்டாள். வாடை போய்விட்டதென்று நினைத்துக்கொண்டாள்.

மீன்தான் விற்கவில்லை. ஆற்றுப் பக்கத்து மீன் என்றாலே ஜனங்கள் பயந்தார்கள். டில்லிபாபுவின் வலைகள் எண்ணெயில் ஊறிப் போய்விட்டன. அவன் கரையில் குந்தியபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் காலையில் பொறுக்க முடியாமல் மைத்துனனிடம் வீச்சுவலை இரவல் வாங்கிக்கொண்டு, தண்ணீர் கொஞ்சம் தெளிந்திருந்த இடமாகப் பார்த்துப் போனான். திரும்பி வந்தபோது கூடை நிறைய மடவையும் கிழங்கானும். அவன் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தாள் மகிழினி.

அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. குப்பத்தில் நல்லது கெட்டது பேசி முடிக்கிறவர் ஞானம். அவருடைய மகனும் அன்று கொஞ்சம் பிடித்து வந்திருந்தான். ஞானம் ஒரு கிழங்கானை எடுத்துச் செவுளை விரித்துப் பார்த்தார், முகர்ந்தார், கை மாற்றினார். எல்லோரும் முகர்ந்தார்கள். மகிழினியும் முகர்ந்து பார்த்தாள். மீன் வாடை தவிர ஒன்றுமில்லை. அண்ணன் புளித் தண்ணீரிலும் மஞ்சளிலும் வேறு அலசி வைத்திருந்தான்.

வாங்குகிறவர்கள் கேட்டால் காசிமேடு என்று சொல்லிவிடுவது என்று பேச்சாயிற்று. ஒருத்தி ஆறு என்று வாயைத் திறந்தால் குப்பத்து அடுப்பு மொத்தமும் அணைந்துவிடும் என்றார் ஞானம். எல்லோரும் தலையாட்டினார்கள். கெங்கம்மா மீனை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே, காதுல வுழுந்துச்சா?" என்றான் டில்லிபாபு.

"வுழுந்துச்சு."

மகிழினி கூடவே புறப்பட்டாள். அண்ணிக்குச் சங்கடமாக இருந்தால் காசிமேடு என்று தானே சொல்லிவிடுவதாக ஷேர் ஆட்டோவில் அவள் காதோடு சொன்னாள். நாலு வீடு விற்றால் அண்ணன் நிமிர்ந்து உட்காருவான் என்ற ஒன்றுதான் அவள் மனதில் இருந்தது. கெங்கம்மா வழியெல்லாம் கூடையை மடியில் வைத்துக் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

எர்ணாவூர்க் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் தையல்காரி செங்கொடி. மெஷினை விட்டு எழுந்திராமலே, எந்தத் தண்ணி மீன் என்று கேட்டாள். காசிமேடு என்று கூடையைப் பார்த்துச் சொன்னாள் கெங்கம்மா. செங்கொடி வந்து மடவையில் நாலு பொறுக்கிக்கொண்டாள். படியில் ஏறும்போது மகிழினி அண்ணியின் தோளைத் தொட்டாள். கெங்கம்மா தோளை விலக்கிக்கொண்டாள்.

நாலாவது மாடியில் மெஹ்னாஸ் வீடு. நடைக் கொடியில் சின்னச் சின்ன வெள்ளைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. கதவைத் திறந்த மெஹ்னாஸ், கெங்கம்மாவைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். மகள் ரூஹிக்குப் புயலன்று இரவு வலி கண்டு, தெருத் தண்ணீரில் கட்டிலோடு தூக்கிப் போய், ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்திருந்தது. உள்ளறையிலிருந்து குழந்தை சிணுங்குவது கேட்டது. வீடு முழுக்கப் பவுடர் மணமும், துவைத்த துணி மணமும், கொஞ்சம் பால் மணமும்.

"பத்தியத்துக்கு மீனு வேணும்க்கா. ரெண்டு மூணு பேரு வந்தாங்க, நான் வாங்கல. கெங்கம்மாக்கா வரட்டும்னு கீறேன். கிழங்கான் கீதா?"

கீது என்று கெங்கம்மா கூடையை இறக்கினாள். மெஹ்னாஸ் ஆறா கடலா என்று கேட்கவில்லை. மீனைக்கூடப் பார்க்கவில்லை. அலுமினியத் தட்டை நீட்டிவிட்டு, பிள்ளைக்குப் பால் பத்தவில்லை, கிழங்கான் கொடுத்தால் ஊறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்று பேசிக்கொண்டே போனாள். கெங்கம்மா நல்லதாக நாலைந்து மீன் பொறுக்கித் தட்டில் வைத்தாள்.

அப்போதுதான் மகிழினிக்கு அந்த வாடை அடித்தது. மண்ணெண்ணெய் அடுப்பை யாரோ ஊதி அணைத்தாற்போல். எங்கிருந்து வருகிறது என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். கூடையிலிருந்துதான் வந்தது. அவளுடைய துப்பட்டாவிலிருந்தும், அண்ணியின் புடவையிலிருந்தும் வந்தது. குப்பத்தில் அத்தனை பேர் முகர்ந்தும் தெரியாதது இந்தச் சுத்தமான வீட்டில் முகத்தில் அறைந்தது. கெங்கம்மா ஒரு மீனை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். அவள் கண்கள் மகிழினியைப் பார்த்தன. மகிழினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மெஹ்னாஸு, அந்தத் தட்ட குடு. இது ஆத்து மீனு. எண்ணெத் தண்ணில புடிச்சது. புள்ள பெத்தவளுக்குக் குடுக்காத" என்றாள் கெங்கம்மா.

மெஹ்னாஸ் தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்பதுபோல் லேசாகச் சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றது. கெங்கம்மா தட்டிலிருந்த மீன்களைக் கூடைக்குள் சரித்துக்கொண்டு, தட்டைத் தன் முந்தானையால் துடைக்கப் போனாள். முந்தானையைப் பார்த்துவிட்டு, துடைக்காமலே திருப்பிக் கொடுத்தாள். சோப்பு போட்டுக் கழுவிவிடு என்றாள்.

இறங்கும்போது இரண்டாவது மாடியில் நின்றாள். வேண்டாம் அண்ணி என்று மகிழினி கையைப் பிடித்தாள். அவள் கதவைத் தட்டிவிட்டாள். செங்கொடி மீனைச் செதிள் உரசி நறுக்கிக் கழுவி, மஞ்சள் தடவி வைத்திருந்தாள். வாங்கிய காசை நிலைப்படியில் வைத்துவிட்டு, மீனைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள் கெங்கம்மா.

"காசிமேடுன்னியே?"

"பொய் சொன்னேன்."

செங்கொடிக்குச் சன்னமான குரல் கிடையாது. மேலும் கீழும் கதவுகள் திறந்தன. இத்தனை வருஷமாக எதை எதைக் கொண்டுவந்து தலையில் கட்டினாளோ என்று அவள் கேட்டதை அந்தக் கட்டிடமே கேட்டது. கெங்கம்மா மஞ்சள் பூசிய துண்டங்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். தெருமுனை வரை போனபின், கூடையை ஒரு திண்டில் இறக்கி வைத்தாள்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் பாப்பா, காசிமேடுன்னு. மெஹ்னாஸு கேக்கவே இல்ல."

அவர்கள் குப்பத்துக்கு வந்து சேருமுன் செய்தி போனில் வந்து சேர்ந்திருந்தது. குழாயடியில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். வீட்டு வாசலில் டில்லிபாபு நின்றிருந்தான். கூடையைப் பார்த்தான். அது போனபோது எப்படி இருந்ததோ அப்படியே நிறைந்திருந்தது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று மகிழினிக்குத் தோன்றியது.

ஞானம் நாலைந்து பேரோடு வந்தார். கோபத்தில்கூட அவர் குரலை உயர்த்துகிறவர் இல்லை. பத்தியத்துக்குக் கேட்டார்கள் என்று கெங்கம்மா சொன்னபோது, அவர் தலையை அசைத்தார். அது சரி என்றார். புள்ளை பெற்ற வீடு, கொடுக்காமல் வந்தது சரிதான் என்றார்.

"மீனு இல்லன்னு சொல்லிட்டு வந்திருக்கலாமேம்மா. ஆத்து மீனுன்னு வாய தொறந்து, அப்பால கீழ வூட்டுல போயி வேற மீன திருப்பி வாங்கிகினு வந்துகீற. நாளைக்கு என் மருமவ எந்த வாசப்படில போயி நிப்பா?"

கூட வந்தவர்களில் ஒருவன், காசிமேட்டுக்காரிக்கு நம்ம ஆறு எப்போதுதான் பிடித்தது என்றான். அப்போது டில்லிபாபு வாசலை விட்டு இறங்கி வந்தான். அடிக்கப் போகிறானோ என்று மகிழினி குறுக்கே நகர்ந்தாள்.

"அது என் மீனு. என் மீனப் பத்திதான் அவ சொன்னா. உங்க மீனப் பத்தி வாய தொறந்தாளா?"

அவன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனான். மண்வெட்டி மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது. நாயும் பூனையும் தோண்டாத ஆழத்துக்கு அவன் வெட்டிக்கொண்டே இருந்தான்.

மற்றவர்கள் கலைந்தார்கள். ஞானம் மட்டும் நின்றார். அவர் மகன் பிடித்த மீன் இன்னும் அவர் வீட்டில் ஐஸில் கிடந்தது. கெங்கம்மாவை நெருங்கி வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நெசமாவே நாறுதாம்மா? நான் மோந்து பாத்தேனே. எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"இங்க வச்சு மோந்தா யாருக்கும் தெரியாதுண்ணே. ஊர வுட்டு அந்தாண்ட எடுத்துகினு போயி பாரு."

ஞானம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வீட்டைப் பார்த்து நடந்தார்.

மறுநாள் விடிந்ததும் கெங்கம்மா கடல் மீன் எடுக்கக் காசிமேட்டுக்குக் கிளம்பினாள். செங்கொடியின் கட்டிடத்தில் இனி யார் வாங்குவார்கள் என்று தெரியாது. மெஹ்னாஸ் வீட்டுக்கு மட்டும் பத்தியத்துக்குப் பால்சுறா கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றாள். டில்லிபாபு அவளோடு இன்னும் பேசவில்லை. குப்பத்து மீன்காரிகள் வழக்கமாக ஒரே ஷேர் ஆட்டோவில் போவார்கள். அன்று அவள் ஏறியதும் மற்றவர்கள் அடுத்த வண்டிக்கு நின்றுகொண்டார்கள். ரோட்டில் யாராவது ஏற மாட்டார்களா என்று டிரைவர் சலித்துக்கொண்டே எடுத்தான். மகிழினி அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சூரத்துக்குத் திரும்ப எடுத்திருந்த ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டைத் தள்ளிப்போடலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

கடற்கரைச் சாலையில் அலைக்குத் தடுப்பாகக் கொட்டியிருக்கும் கருங்கற்களின் மேல் ஒரு ஆள் நின்றிருந்தார். லுங்கியை மடித்துக் கட்டி, காற்றுக்கு எதிராக முகத்தை வைத்து நின்றிருந்தார். அவர் கையில் ஒரு மீன் இருந்தது. அதை மூக்கருகே கொண்டுபோனார், எடுத்தார், மறுபடி கொண்டுபோனார். பிறகு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

மகிழினி அண்ணியின் கையைத் தொட்டுக் காட்டினாள். கெங்கம்மா ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தாள்.

"இந்தாண்ட திரும்பிக்கோ பாப்பா. அவரு நம்மள பாக்கக் கூடாது."

இருவரும் கடலுக்கு முதுகைக் காட்டி, லாரிகள் வரிசையாக நிற்கும் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்கள். ஆட்டோ அந்த இடத்தைக் கடந்து போயிற்று.