கோபால்ட் ஒத்துக்கொள்ளாத கை

அம்பத்தூர் எஸ்டேட்டில், வால்வு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் கிரைண்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். அனல்மின் நிலையங்களுக்குப் போகிற வால்வுகள். கொதிக்கும் நீராவி சீறிப் பாய்கிற இடத்தில் வெறும் எஃகு தாங்காது, அரித்துப்போகும். அதனால் வால்வு மூடுகிற வாயில் மட்டும் கோபால்ட் கலந்த உலோகத்தை வெல்டிங்கில் ஏற்றுவார்கள். செக்கச் சிவக்கக் காய்ந்தாலும் அது இளகாது. அதைத் தேய்த்து வழவழப்பாக்குவது என் வேலை. தேய்த்து முடித்தால் முகம் தெரியும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

மெஷினில் சூடு தணிக்கப் பால் மாதிரி கொட்டுகிற, தேய்த்த தூள் கலந்த கூலன்டில் நாள் முழுக்கக் கை நனையும். முதலில் விரலிடுக்கில் அரிப்பு. பிறகு கொப்புளம், வெடிப்பு. சோப்புதான் காரணம் என்று நினைத்து சோப்பை மாற்றினேன். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டரம்மா எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முதுகில் வரிசையாக மருந்து ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பார்த்தார். ஒரு இடம் மட்டும் சிவந்து வீங்கியிருந்தது.

"கோபால்ட் உங்களுக்கு ஒத்துக்கல. இது முழுசா போகாதும்மா. தொடாம இருந்தா அடங்கும்."

சூப்பர்வைசர் நல்ல மனிதர். பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். அங்கேயும் கை ஆறவில்லை. அட்டைப்பெட்டியில் ரத்தக்கறை பட்ட அன்று, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, இங்க எங்க போனாலும் அந்தத் தூளு கீது. நான் இன்னா பண்ணுவேன், சொல்லு?"

வேலையிலிருந்து நின்றுவிட்டேன்.

கோவில்பதாகையில் ஒரு மெஸ்ஸில் சமையலுக்கு ஆள் கேட்டார்கள். போனேன். முதலாளியம்மா கையைப் பார்த்ததுமே, "சாப்பிட வர்றவங்க பாத்தா இன்னா நெனப்பாங்க?" என்றார். இது யாருக்கும் தொற்றாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் முகம் மாறவில்லை. திரும்பி வந்து வீட்டில் மிளகாய் அரைத்தேன். வெடிப்பில் காரம் இறங்கி, அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அன்றிலிருந்து வீட்டுக்காரர்தான் சமையல். அலுத்துக்கொண்டே செய்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் கள்ளிக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டைத் தேடி வந்தாள். இப்போது என் மெஷினை ஓட்டுபவள். துப்பட்டாவுக்குள்ளிருந்து கையை எடுத்துக் காட்டினாள். விரலிடுக்கில் அதே கொப்புளங்கள்.

"நீ இன்னா மருந்துக்கா போட்ட?"

"மருந்துல அடங்காது. வேலைய உட்டுடு."

"உட்டுட்டு?" என்றாள்.

அலமாரியில் பாதி மீந்திருந்த களிம்பை எடுத்துக் கொடுத்தேன். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று வாங்கிக்கொண்டு போனாள்.