கொப்பிகளின் அறிவிப்பாளர் தொடர்

தொண்ணூறுகளில் மருதமுனையில் உயர்தரம் படித்த எங்களுக்குக் குவாண்டம் என்பது குறிப்பெழுதும் கொப்பியில் மட்டுமே இருந்தது. ஒருவரின் கொப்பியைப் பார்த்து மற்றவர் எழுதியது. வெளிச்சத்தைக் கூட்டினால் உலோகத்திலிருந்து இலத்திரன் தெறிக்கும் என்று அதில் ஒரு வரி. அடுத்த பக்கத்துக் கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. சோதனை எழுத எனக்கு அதுதான் கடைசித் தடவை. எங்கள் மாவட்டத்துக்குப் பல்கலைக்கழகப் பொறியியலில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான்.

சந்தேகம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது. நபிமொழியான ஹதீஸ் என்றால் யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடரைப் பார்க்க வேண்டும் என்று குர்ஆன் ஓதும் பள்ளியில் படித்திருந்தேன். கொப்பிக்கும் அப்படித் தொடர் பிடித்தேன். நான் மாமி மகள் மச்சியிடமிருந்து, மச்சி தன் அக்கா ராத்தாவிடமிருந்து, ராத்தா என் அண்ணன் காக்காவின் கூட்டாளியிடமிருந்து. அந்தக் கூட்டாளி கல்முனையில் துணிக்கடை வைத்திருந்தார். காக்காவோடு போய்க் கேட்டேன்.

"அண்டைக்கு நான் வகுப்புக்குப் போகல்ல தங்கச்சி. இப்பிடித்தான் இருக்கும் எண்டு நானாத்தான் எழுதின" என்றார் சிரித்துக்கொண்டு.

கடைத் துணியையெல்லாம் வாரித் தெருவில் வீசலாம் போலிருந்தது. காக்கா சைக்கிளை நூலகத்துக்குத் திருப்பினார்.

அங்கே ஆங்கிலப் புத்தகம்தான். அகராதியும் கையுமாகப் பல நாள் போனேன். ஒன்றை மட்டும் நம்ப மனமில்லாமல் இரண்டாவதையும் புரட்டினேன். இரண்டும் சோதனை செய்து கண்ணால் கண்டவர்களிடமே போய் முடிந்தன. சிவப்பு ஒளியை எவ்வளவு கூட்டினாலும் அவர்கள் வைத்த உலோகத் தகட்டிலிருந்து ஓர் இலத்திரன்கூட வெளியேறவில்லை. மங்கலான ஊதா பட்டதுமே தெறித்தது. வெளிச்சம் பொட்டலம் பொட்டலமாகத்தான் வருமாம், அரைப் பொட்டலம் கிடையாதாம்! "சுப்ஹானல்லாஹ்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பிறந்த நாள் முதல் பார்த்த வெயிலை அன்றுதான் பார்த்தேன்.

திரும்பும் வழியில் மனதுக்குள் ஷைத்தான் கதைத்தான். வகுப்பில் என்னோடு முதலிடத்துக்கு முட்டிக்கொண்டிருந்தவளிடமும் அதே பிழையான வரிதான் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இடம் எனக்குத்தான்.

நேரே அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"இத என்னத்துக்கு எனக்குச் சொல்றா?"

"சொல்லாம இருக்க ஏலாது புள்ள. நெஞ்சு வெடிச்சிரும்."

உயர்தரச் சோதனையில் அந்தக் கேள்வி வந்தது. இருவரும் சரியாக எழுதினோம். அவளுக்கு இடம் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. உம்மாவின் மடியில் விழுந்து அழுதேன். ஆனாலும் அந்தக் கதவைத் தட்டாமல் விட்டிருக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.